கன்சர்வேட்டரிக்குத் திரை வாங்குமுன்

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி இரண்டு முறை சாகப் பார்த்தது. முதல் முறை ஜனவரிக் குளிரில். அது எதிர்பார்த்ததுதான். இரண்டாம் முறை ஜூலை மாதம், கன்சர்வேட்டரி என்கிற கண்ணாடி அறைக்குள், வெயிலில் வெந்து. லண்டனில் கறிவேப்பிலை வெயிலில் கருகிப்போனது என்று ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அன்று மதியம் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த வெப்பமானி 44 டிகிரி காட்டியது. வெளியே தோட்டத்தில் 29.

லண்டன் புறநகரில் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு இந்த அறை வீட்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது. பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்து, வெள்ளை யூபிவிசி பிளாஸ்டிக் சட்டத்தில் கண்ணாடிச் சுவர்கள், மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் பலகையோ போட்ட கூரை. ஏப்ரல் மாதம் வீடு பார்க்கப் போனால் மயங்கிவிடுவோம். குடிவந்த பிறகுதான் தெரியும், அது நாலு மாதம் அடுப்பு, நாலு மாதம் ஐஸ்பெட்டி, மிச்ச நாளில் துணி காயும் இடம். அம்மா ஊரிலிருந்து வந்து தங்கினால் எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு பதவியும் உண்டு: வடகம் காயும் மொட்டைமாடி.

கறிவேப்பிலை கருகிய வாரமே திரை வாங்கினேன். அவசரத்தில் வாங்கியதால் தப்பாக வாங்கினேன். மூன்று பக்கச் சுவருக்கும் வெர்டிகல் பிளைண்ட், அதாவது மேலிருந்து கீழே தொங்கும் துணிப் பட்டைகள். அடுத்த வெயில் நாளில் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டு வெப்பமானியைப் பார்த்தால் 42. அம்மா அதையும் பார்த்தார், தலைக்கு மேலே பளபளத்த கூரையையும் பார்த்தார். "வெயில உள்ள விட்டுட்டு அப்புறம் திரையப் போட்டு என்னடா பண்றது? தட்டிய வெளியில இல்ல கட்டணும்!" என்றார். கோடையில் ஜன்னலுக்கு வெளியே வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்து வளர்ந்தவர். அவர் சொன்னதில் பௌதிகம் முழுக்க இருந்தது. அதற்குள் நான் பணத்தைக் கட்டியாகிவிட்டது.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஜூன் மாத நண்பகலில் லண்டனில் சூரியன் 62 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து வரும் வெயில் செங்குத்தான சுவர்க் கண்ணாடியில் சரிந்துதான் படும். கூரையில் நேராக இறங்கும். மேகமில்லாத நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 800 வாட் என்று வைத்துக்கொண்டால், 12 சதுர மீட்டர் கூரையில் 9,600 வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் பத்துக்கு ஏழு பங்கை உள்ளே விட்டுவிடும். இங்கே கடையில் விற்கும் தண்ணீர் கெட்டில் ஒன்று 3,000 வாட். ஆக, மதியம் முழுக்க இரண்டு கெட்டில்களை நிறுத்தாமல் கொதிக்கவிட்ட அறைக்குள் நான் பக்கத்துக்கு மட்டும் துணி தொங்கவிட்டிருக்கிறேன்.

உள்ளே நுழைந்த வெளிச்சம் தரையிலும் சோபாவிலும் பட்டு வெப்பமாக மாறுகிறது. மாறிய பிறகு கண்ணாடி அதை வந்த வழியே திரும்பப் போகவிடாது. கண்ணாடிக்கு உள்பக்கம் தொங்கும் திரையும் அந்தச் சோபா மாதிரிதான், தானும் சூடாகி அறையையும் சூடாக்கும். அதனால் உள்திரை வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, கண்ணாடியைப் பார்க்கும் முதுகுப்பக்கம் என்ன நிறம் என்பது. வெள்ளையோ வெள்ளிப் பூச்சோ இருந்தால், வெளிச்சம் வெப்பமாக மாறுவதற்கு முன்பே ஒரு பங்கு வெளியே திருப்பி அனுப்பப்படும். என்னிடம் வந்த விற்பனையாளர் அறையைப் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் முப்பது நாற்பது நிறம் விரித்துக் காட்டினார். முதுகைப் பற்றி நானாகக் கேட்ட பிறகுதான் பேசினார்.

எதையும் வாங்குமுன் கூரையை அண்ணாந்து பாருங்கள். கொஞ்சம் நீலமோ பச்சையோ தட்டினால் அது வெயில் தடுக்கும் கண்ணாடியாக இருக்கலாம். நல்ல ரகங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெப்பத்தை உள்ளே விடும். அப்படிப்பட்ட கூரை வாய்த்திருந்தால் மேலே திரையே தேவைப்படாமல் போகலாம். தெளிந்த கண்ணாடியோ பழைய பாலிகார்பனேட்டோ என்றால், செலவு கூரையில்தான் தொடங்க வேண்டும்.

அம்மா சொன்ன வெளித்தட்டிக்கு இந்த ஊரில் என்ன வழி? ஜெர்மனியில் இது சர்வசாதாரணம். வீட்டு ஜன்னலுக்கே வெளிப்பக்கம் சுருட்டி இறக்கும் ஷட்டர் இருக்கும், கண்ணாடி அறைக் கூரைக்கு மேலேயும் தண்டவாளம் மாதிரிக் கம்பியில் துணி ஓடும். பிரிட்டனிலும் அதைச் செய்து தருகிறார்கள். வெப்பத்தைத் தடுப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை, வெயில் கண்ணாடியைத் தொடுவதே கிடையாது. ஆனால் என் அளவுக்குச் சொன்ன விலை 5,000 பவுண்டைத் தாண்டியது. காற்று வேகமாக அடித்தால் சுருட்டிவிட வேண்டும். காற்றை உணர்ந்து தானே சுருட்டிக்கொள்ளும் மோட்டார் வேண்டும் என்றால் அதற்குத் தனிக் காசு. வருஷத்தில் எத்தனை நாள் இங்கே வெயில் அடிக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

அப்புறம் மலிவான வழிக்கு வந்தேன். முக்கோணமாக வெட்டிய நிழல் துணி ஒன்று, 60 பவுண்டு. வீட்டுச் சுவரில் இரண்டு கொக்கி, தோட்டத்தில் ஒரு கம்பம், கூரைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு இழுத்துக் கட்டினேன். அன்றைக்கே ஏழு டிகிரி குறைந்தது. அம்மாவுக்கு ஒரே பெருமை. மூன்றாம் வாரம் இரவு அடித்த காற்றில் கம்பம் சாய்ந்து, துணி பக்கத்து வீட்டு ஷெட்டின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், மடித்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கம்பத்தைக் கான்கிரீட் போட்டு நட்டு, மழை வழியும் சரிவும் கொடுத்து, செப்டம்பரில் கழற்றி வைக்கிற பொறுமை இருப்பவர்களுக்கு இதுதான் காசுக்கு அதிகப் பலன் தரும் வழி என்று இப்போதும் சொல்வேன். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இதையும்விட மலிவு, பசுமைக் குடில்காரர்கள் அடிக்கிற வெள்ளைப் பூச்சு. மே மாதம் கண்ணாடிக்கு வெளியே பூசி, இலையுதிர் காலத்தில் கழுவிவிட வேண்டும். செடிக்கு நல்லது. வீட்டின் பின்பக்கம் சுண்ணாம்பு அடித்தது போல நிற்பதை என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை, பேச்சு அதோடு முடிந்தது. தோட்டத்தில் இடம் இருந்தால் தெற்கிலோ மேற்கிலோ பந்தல் போட்டுத் திராட்சைக் கொடி ஏற்றலாம். கோடையில் இலை நிழல் தரும், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயிலுக்கு வழி விடும். எந்த மோட்டாரும் இதைவிடப் புத்திசாலித்தனமாக வேலை செய்யாது, கொடி பந்தலை மூட மட்டும் சில வருஷம் காத்திருக்க வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பார்க்க எளிது, கயிறு இல்லை, தூசி சேராது. எனக்குத் தயக்கம் இரண்டு. ஒன்று, உள்பக்கம் ஒட்டினால் வெப்பத்தைக் கண்ணாடியே குடித்துக்கொள்கிறது. ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் இருக்கிற கண்ணாடி அப்படிச் சூடானால் விரிசல் விடலாம். கம்பி வலை பதித்த கண்ணாடி, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லாமினேட் கண்ணாடி இவற்றில் ஆபத்து கூடுதல். இரட்டைக் கண்ணாடிக்கு உத்தரவாதம் பாக்கி இருந்தால் ஃபிலிம் ஒட்டியதும் அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஒட்டினால் ஒட்டியதுதான், டிசம்பரில் கழற்ற முடியாது. டிசம்பர் நண்பகலில் இங்கே சூரியன் 15 டிகிரிதான் ஏறும். வந்து போகும் அந்தக் கொஞ்ச வெயிலையும் நாமே தடுத்துக்கொள்வது எனக்கு மனசாகவில்லை.

லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்காரர்களும் இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்தான். 1840களில் அங்கே பனைகளுக்கான பெரிய கண்ணாடி மாளிகையைக் கட்டியபோது, இலை கருகக்கூடாது என்று செம்பு ஆக்சைடு கலந்து பச்சைச் சாயல் ஏற்றிய கண்ணாடி போட்டார்கள். லண்டனின் புகைமூட்டத்தில் குளிர்காலத்தில் செடிகளுக்கு வெளிச்சம் போதாமல் போயிற்று. கடைசியில் பச்சையைக் கைவிட்டுத் தெளிந்த கண்ணாடிக்கே மாறினார்கள். என் கறிவேப்பிலைக்கும் அதே நியாயம்தான்: ஜூலையில் நிழல் வேண்டும், ஜனவரியில் கிடைக்கிற ஒவ்வொரு கதிரும் வேண்டும். வேண்டாதபோது விலக்கிவிடக்கூடிய நிழல்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

அதே காரணத்தால்தான் ஓடு போட்ட முழுக்கூரையாக மாற்றும் யோசனையையும் தள்ளினேன். அந்த அறையை வருஷம் முழுக்க உட்காரும் அறையாக்க நினைப்பவர்களுக்கு அது சரியான வழியாக இருக்கலாம். ஆனால் செலவு பத்தாயிரங்களில், பழைய சட்டம் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும், கவுன்சிலின் கட்டட விதி அனுமதியும் வாங்க வேண்டும். வெளியே சொல்லாத இன்னொரு விலையும் உண்டு: கன்சர்வேட்டரி வழியாக வெளிச்சம் வாங்கிக்கொண்டிருந்த பின்னறை இருட்டாகிவிடும்.

மிச்சம் இருந்தது கூரைக்கு உள்பக்கத் திரை. இதில் மூன்று ரகம் பார்த்தேன்.

கூரைச் சட்டங்களில் கொக்கி போட்டுத் தொட்டில் மாதிரி துணியைத் தொங்கவிடுவது ஒன்று. நாமே செய்துவிடலாம், அழகாகவும் இருக்கும், கண் கூச்சம் போகும். ஆனால் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சூடான காற்று ஓரங்களில் வழிந்து கீழே வரும், செத்த ஈயெல்லாம் தொட்டிலில் சேரும். கூரைக்கான, உருளையில் சுருண்டுகொள்ளும் ரோலர் திரை இன்னொன்று. சதுரமான கண்ணாடிக்குப் பொருந்தும். எங்கள் கூரையின் ஒரு முனை விசிறி மாதிரி முக்கோணங்களாக முடிகிறது, விக்டோரியன் வடிவம் என்பார்கள், அங்கே ரோலர் ஓடாது.

மூன்றாவது பிளீட்டட், அதாவது விசிறி மடிப்புத் திரை. மெல்லிய கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்க, மடிப்பு மடிப்பாகக் கூரைச் சரிவில் ஏறி இறங்கும். முக்கோணத்துக்கும் வெட்டித் தருவார்கள். மடித்தால் கைப்பிடி அகலத்துக்குள் அடங்கிவிடும். முதுகில் வெள்ளிப் பூச்சு கேட்டு வாங்கலாம். அதிலேயே தேன்கூடு ரகம் என்று இரட்டைத் துணி உண்டு. நடுவில் அறை அறையாகக் காற்று அடைபட்டிருப்பதால் குளிருக்கும் ஓரளவு உதவும். அதை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்கால இரவில் இறுக்க மூடினால் கண்ணாடி இன்னும் குளிர்ந்துபோய் அதில் தண்ணீர் கோக்கும். அந்த அறையில் துணியும் காயப்போட்டால் கேட்கவே வேண்டாம், ஒரு பருவத்துக்குள் திரையின் ஓரத்தில் கருப்புப் பூஞ்சை பிடிக்கும். எங்கள் வீட்டில் துணி காயும் என்பதால் நான் தேன்கூட்டை விட்டு ஒற்றைத் துணியையே எடுத்தேன். காலையில் கொஞ்ச நேரம் திறந்து காற்றாட விடுகிற பழக்கம் உள்ளவர்கள் தேன்கூட்டையே எடுக்கலாம்.

எனக்குக் கூரை முழுவதற்கும் கேட்ட விலை 2,400 பவுண்டு, கையால் கொம்பு வைத்துத் தள்ளும் ரகம். மோட்டார் என்றால் ஏறக்குறைய அதில் பாதி கூடுதல். நடுச் சட்டத்துக்கு மேலே எட்டாத நாலு துண்டுகளுக்கு மட்டும் மோட்டார் வைத்து, மற்றதைக் கொம்புக்கு விட்டேன். முழுக்க மோட்டார் வைத்த நண்பர் ஒருவர், பாட்டரி தீர்ந்தால் ஏணி போட்டு ஏறுகிறார்.

திரை போட்டபின் மேல் ஜன்னலை மறந்துவிடாதீர்கள். மடிப்புத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிய காற்று நெருப்பாகக் கொதிக்கும். கூரையில் திறக்கும் துவாரம் இருந்தால் திரை மூடியிருக்கும்போது அது திறந்திருக்க வேண்டும். பொருத்துகிறவர் அந்தத் துவாரத்துக்கு மேல் ஒரே நீளத் திரையாகப் போட்டுவிட்டுப் போகப் பார்த்தார். அளவெடுக்கும் நாளிலேயே பக்கத்தில் நின்றுகொண்டால் இதைத் தடுக்கலாம்.

சரி, பக்கச் சுவர்கள். இங்கே திரையின் முதல் வேலை கண் கூச்சத்தைக் குறைப்பது, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்ப்பதை மறைப்பது. வெப்பம் அப்புறம்தான். எந்தத் திசை என்பதைவிட நீங்கள் எந்த நேரத்தில் அங்கே உட்காருகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் காலை 4.45க்கு முன்பே வடகிழக்கில் எழுந்து, இரவு 9.20 வாக்கில் வடமேற்கில் விழுகிறது. வடக்குப் பார்த்த கண்ணாடி, வெயிலே வராது என்று வீடு விற்றவர் சொன்னதை நம்பி ஏமாந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

காலை, மாலை வெயில் தாழ்வாகப் பக்கவாட்டில் வரும். அதற்கு வெர்டிகல் பட்டைகள்தான் தோது, சூரியன் நகர நகரப் பட்டையைத் திருப்பிக்கொள்ளலாம். நான் அவசரத்தில் வாங்கியது அந்த அளவில் வீண்போகவில்லை. அதன் குறை வேறு: கதவைத் திறந்து வைத்தால் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும், கீழே பட்டைகளைக் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சங்கிலி ஒவ்வொன்றாக உதிரும். தெற்கிலிருந்து உயரமாக வரும் வெயிலுக்குக் கிடைமட்டப் பட்டை உள்ள வெனிசியன் நல்லது. வெளிச்சத்தைக் கூரைப்பக்கம் திருப்பிவிட்டுத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சமையலறைக்குப் பக்கத்தில் மாட்டினால் தாளிப்பு எண்ணெயும் தூசியும் சேர்ந்து பட்டைக்குப் பட்டை பிசுக்கு. நம் சமையலுக்கு அது சரிவராது. ரோலர் மலிவு, துடைக்க எளிது. ஆனால் பட்டை மாதிரித் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது.

திறந்து மூடும் ஜன்னலுக்கும் கதவுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. பர்ஃபெக்ட் ஃபிட் என்று விற்கிறார்கள். மெல்லிய சட்டத்துக்குள் திரை, அந்தச் சட்டம் கண்ணாடிக்கும் யூபிவிசியின் ரப்பர் ஓரத்துக்கும் நடுவே கிளிப்பில் செருகி நிற்கும். துளை போட வேண்டாம், ஜன்னல் திறந்தால் திரையும் கூடவே போகும். கயிறும் இல்லை. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இந்தக் கடைசிக் காரணமே போதும். திரைக் கயிறு கழுத்தில் மாட்டிக் குழந்தைகள் இறந்ததால்தான் 2014-ல் ஐரோப்பியத் தரவிதியைக் கடுமையாக்கினார்கள். பழைய வீட்டோடு வந்த திரைகளில் வளையக் கயிறு தொங்கினால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேலே சுவரில் கொக்கி அடித்து அதைச் சுற்றி வையுங்கள்.

கையில் 200 பவுண்டுதான் இருக்கிறது என்றால் நான் பக்கத் திரையே வாங்கமாட்டேன். வெளியே நிழல் துணி, உறுதியான கம்பம், மிச்சக் காசுக்கு ஒரு மின்விசிறி. ஆயிரம் இருந்தால் கூரையின் தெற்குச் சரிவுக்கு மட்டும் மடிப்புத் திரை, வடக்குச் சரிவு அடுத்த வருஷம். அதற்கு மேல் இருந்தால்தான் சுவர்ப்பக்கம் பார்வை போக வேண்டும். இருப்பதிலேயே மலிவானது, வீட்டுக்கும் கன்சர்வேட்டரிக்கும் நடுவில் உள்ள கதவு. சிலர் அறை பெரிதாகத் தெரிய அதைக் கழற்றிவிடுகிறார்கள். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி அடித்தது, பிரிட்டனில் வெப்பம் 40ஐத் தாண்டியது அந்த நாளில்தான் முதல் முறை. அன்று நாங்கள் அந்தக் கதவைக் காலை எட்டு மணிக்குச் சாத்தியவர்கள் ராத்திரிதான் திறந்தோம். வீடு பிழைத்தது. இங்கிலாந்தில் கன்சர்வேட்டரிக்குக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு கிடைப்பதற்கும் அந்தக் கதவு இருப்பது ஒரு நிபந்தனை.

கூரைத் திரை வந்த முதல் கோடையில், வெளியே மறுபடி 29 அடித்த ஒரு நாள், மேல் துவாரமும் தோட்டக் கதவும் திறந்து வைத்துப் பார்த்தேன்: உள்ளே 35. உட்காரலாம், பனியன் நனையும். மேற்கு ஜன்னல்களுக்குப் பர்ஃபெக்ட் ஃபிட் இன்னும் போடவில்லை, அளவு மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத்தான் திரையில் ஒரு வருத்தம், வடகம் காய இரண்டு நாள் கூடுதலாக ஆகிறதாம். அதனால் அவர் இருக்கும் மாதங்களில் வாசலை ஒட்டிய இரண்டு துண்டுத் திரை மட்டும் காலையிலேயே கொம்பால் தள்ளித் திறந்துவிடப்படும். அதற்கு நேர்கீழே வடகத் தட்டு, நிழல் விழும் மறுகோடியில் கறிவேப்பிலைத் தொட்டி.